முந்நூற்றுப் பன்னிரண்டாம் வில்லை

“முந்நூத்திப் பன்னெண்டாம் நம்பர் வில்லையில ஒன்பது வருஷம் அரவைக் கூடத்துல நின்னது எங்கப்பாதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை மேலாளர் அப்படியே நிறுத்தினார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நடைக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு வாய் குடித்தார்.

“கதவைச் சாத்து.”

“சாத்தியாச்சு.”

“இதக் கேக்கக் கூடாதுன்னு உங்கப்பன் சொல்லலையா?”

“சொன்னார். அதான் மூணு வாரம் கேக்காம இருந்தேன்.”

“நாலாவது வாரமும் அப்படியே இருந்திருக்கலாம்ல. போ, ஆளுங்க நிக்கிறாங்க. திரும்பி வந்ததும் பேசலாம் டிகிரி.”

குடும்பத்தில் முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இந்த மலையடியில் வெள்ளைக்கல்லை உடைத்து மாவாக அரைக்கிற ஆலை ஓடியபோது அவர்தான் நேரக்காப்பாளர். வேலை நேரத்துக்குச் சங்கு ஊதியவர் என்பதால் அவர் பெயர் சங்கு. ஆலை மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது. இப்போது ஆலைக்காரர்களே மலை, நீர்த்தேக்கம், இடிந்த கூடங்கள் என்று ஒன்பது கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, சனி ஞாயிறுகளில் நகரத்து ஆட்களை நடக்கவைக்கிறார்கள். சங்கு அதற்கு மேலாளர். அவள் வழிகாட்டி. அவள் அப்பா கடைசி ஆள்.

கடைசி ஆள் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். வழியில் யாரும் தங்கிவிடக் கூடாது. அவர் வந்து சேர்ந்தால் எல்லோரும் வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

சங்கின் அறையை விட்டு வெளியே வருகிற வழியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஆலையின் வருகைப் பதிவேடு ஒரு பக்கத்தில் விரித்துவைக்கப்பட்டிருந்தது. ‘எண் 312. ஒன்பது ஆண்டுகள், ஒரு நாள் விடுப்பில்லை. இதுவன்றோ உழைப்பு’ என்று கீழே ஒரு அட்டை. நடைக்கு வருகிறவர்கள் முதலில் படம் எடுப்பது அதைத்தான்.

பெயர் எழுதுகிற வழக்கம் ஆலையில் இல்லை. வருகிறவன் ஜன்னலில் பித்தளை வில்லையை நீட்டுவான். சங்கு எண்ணைப் பார்த்துக் கோடு போடுவார். முந்நூற்றுப் பன்னிரண்டு அவள் பெரியப்பாவின் வில்லை. இருமலில் ரத்தம் வந்து அவர் படுத்துவிட்டார். தொடர்ந்து மூன்று நாள் வில்லை வராவிட்டால் ஆலை கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்றாம் நாள் காலையில் தம்பிக்காரன் அந்த வில்லையை ஜன்னலில் நீட்டினான். சங்கு வில்லையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். கோடு போட்டார். அடுத்த மாதம் பெரியம்மாவின் ஊரில் பெரியப்பா செத்தார். கோடு மட்டும் நிற்கவில்லை. விடுப்பு வேண்டுமென்றால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணனின் கையெழுத்து தம்பிக்கு வராது. அதனால் காய்ச்சலிலும் போனார், மகள் பிறந்த அன்றும் போனார். கடைசி நாள்வரை வேலையில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு லைன் வீடு ஆயுளுக்கும் சொந்தம் என்று ஆலைக்காரர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஆலை மூடிய பிறகுதான் பெரியப்பா இறந்ததாகச் சங்கே ஒரு தாளும் எழுதினார். பெரியம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

அரவைக் கூடத்தில் அவள் அப்பா நின்றதற்கு எங்கும் ஒரு எழுத்து கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார். நுரையீரல் முழுக்க உப்புத் தூவியதுபோல் இருந்தது. வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் கொடுப்பார்கள் என்றார் டாக்டர். ஆனால் அரவைக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான். “ஏதாவது ஒரு தாள் இருக்கும்ல, தேடிப் பாருங்க” என்றார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “நான் ஆலைக்கு வெளியாள் சார்” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் மகளிடம் விஷயத்தைச் சொன்னார்.

நடை தொடங்கியது. முதல் ஏற்றம் அணைக்கட்டின் படிகள். ஆலை இயந்திரங்களுக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் அது. மொத்தம் நூற்று நாலு படி. முப்பதாவது படியில் அவள் நின்று அணையின் உயரத்தைச் சொன்னாள். அறுபதாவது படியில் ஆழத்தைச் சொன்னாள். எண்பதில் சொல்வதற்குச் சங்கு கொடுத்த அட்டையில் எதுவும் இல்லை. கீழே ஆரஞ்சுச் சட்டை அறுபதிலேயே நின்றுகொண்டிருந்தது.

“இந்தக் கல்லுக்குள்ள ஒரு மீன் படிஞ்சு கிடக்கறதா சொல்வாங்க. தேடிப் பாருங்க” என்றாள்.

பன்னிரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகுச்சி வைத்திருந்த, பணி ஓய்வு பெற்றவர்போலத் தெரிந்த ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினார். நாலு நிமிஷம் கிடைத்தது.

அப்பாவின் கழுத்தில் ஒரு தொலைநோக்கி தொங்கியது. போன வருஷம் யாரோ பாதையில் விட்டுவிட்டுப் போனது. மூச்சு முட்டும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்து ஏதாவதொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். நடைக்கு வருகிறவர்கள் அவரைப் பறவைக்காரர் என்றார்கள்.

“என்ன பறவைங்க தெரியுது?” என்று இரட்டைக் குச்சிக்காரர் மேலிருந்து கேட்டார்.

அப்பா இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டார். “சின்னது” என்றார்.

“பேரு?”

“கல்லுக்குருவி.”

“கேள்விப்பட்டதே இல்லையே.”

“இங்க மட்டும்தான்... வரும்.”

குச்சிக்காரர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். “பொறுமைன்னா இதான்மா” என்று பக்கத்தில் இருந்த கேமராக்காரப் பெண்ணிடம் சொன்னார். “நம்ம ஓடுறோம். இவர் நின்னு பாக்குறார்.”

அணையின் மேல் சாப்பாட்டுக்கு அரை மணி. ரொட்டியும் வாழைப்பழமும். எல்லோரும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மதகு அறைக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கத்தில், அப்பா சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஒரு மடக்குக் குடித்தார், ஒரு மூச்சு விட்டார், இன்னொரு மடக்குக் குடித்தார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை.

“சங்குகிட்ட கேட்டுட்டே.”

“கேட்டேன்.”

“உன் முகத்துலயே தெரியுது. என்னத்துக்குமா இது?”

“மெஷினுக்கு.”

“மெஷின் இல்லாமத்தான் இத்தன நாள் ஓடுச்சு.”

“ஓடல. நின்னு நின்னு வருது. எண்பதாவது படியில மீன் இருக்குன்னு பொய் சொல்லிட்டு வரேன் உங்களுக்காக. அடுத்த வாரம் என்ன சொல்றது? திமிங்கிலமா?”

அப்பா சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறியது. இருமல் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று தோளில் கிடந்த துண்டை வாயில் அமுக்கிக்கொண்டார். அடங்கியதும் துண்டைப் பார்க்காமல் மடித்தார்.

“அண்ணி வீடு போயிடும்மா” என்றார். “அண்ணன் முன்னாடியே செத்துட்டார்னு தெரிஞ்சா அவங்களக் கிளப்பிடுவாங்க. என் மூச்சுக்காக அவங்களத் தெருவுல நிறுத்தச் சொல்றியா?”

“பெரியம்மாகிட்ட முந்தாநாளே பேசிட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். “யாரக் கேட்டுப் பேசினே?”

“பேசத் தெரியும், அதனால பேசினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“துணி மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எல்லாத்தையும் மடிச்சு முடிச்சிட்டு, ‘என் கட்டில் உங்க வீட்டு வாசல்ல நுழையுமா’ன்னு கேட்டாங்க. நான் போய் அளந்து பாத்தேன். காலக் கழட்டினா நுழையும்.”

“யார் கால?”

“உங்க காலத்தான்” என்றாள். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ். பெரியம்மாவின் ஊரில் பதிந்தது. “ட்ரங்குப் பெட்டி அடியில வெச்சிருந்தாங்க. கேக்காமலே எடுத்துக் குடுத்தாங்க. தேதியப் பாருங்க. மறுநாள் காலையில முந்நூத்திப் பன்னெண்டு வேலைக்கு வந்திருக்கார். அந்தப் பக்கத்தத்தான் கண்ணாடிப் பெட்டியில விரிச்சு வெச்சிருக்காங்க. படம் எடுத்து வெச்சிருக்கேன்.”

அப்பா தாளைத் தொடவில்லை. தண்ணீருக்கு அப்பால் எதையோ பார்த்தார். இந்த முறை தொலைநோக்கியைத் தூக்கவில்லை.

“ஆள்மாறாட்டம்னு என்னை உள்ள வெச்சிட்டா?”

“உள்ள வெச்சா அவங்கதான் வைத்தியம் பாக்கணும்.”

“விளையாட்டு இல்ல. அந்த மனுஷன் அன்னைக்குக் கோடு போட்டார். அவருக்கு ஒரு லாபமும் இல்ல. போடலேன்னா நீ காலேஜ் வாசலப் பாத்திருக்க மாட்டே.”

“போடலேன்னா நீங்க இப்ப மூச்சு விட்டுக்கிட்டு இருப்பீங்க.”

அவர் பாட்டிலை மூடி அவள் கையில் கொடுத்தார். “ஆளுங்க எழுந்துட்டாங்க. போ. முன்னாடி போ” என்றார்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி இறங்கினால் வெள்ளைக் குன்று. அரைத்ததில் மிஞ்சிய தூளை நாற்பது வருஷம் கொட்டியதில் உண்டான குன்று அது. புல் முளைக்காது. வெயிலில் கண் கூசும். நடைக்கு வருகிறவர்கள் அங்கே அரை மணியாவது நிற்பார்கள், பனிமலை மாதிரி இருக்கிறது என்பார்கள். கேமராக்காரப் பெண் சரிவில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் சொன்னபடி கூட வந்த பையன் இரண்டு கை நிறையத் தூளை அள்ளித் தலைக்கு மேல் வீசினான்.

“இன்னொரு தரம். மெதுவா விழணும்.”

காற்று தூளைப் பாதைப் பக்கம் தள்ளியது. கடைசியில் வந்துகொண்டிருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டை மூக்கில் வைத்து, குன்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“கீழ போடுங்க அத” என்றாள் அவள்.

பையனின் கை மேலேயே நின்றது.

“ஒரு போட்டோதாங்க” என்றாள் கேமராக்காரப் பெண்.

“காசு குடுத்து வந்திருக்கோம்ல” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

“அத மூச்சுல இழுத்தா வெளிய வராது. உள்ளயே தங்கிடும். போட்டோ உங்ககிட்ட இருக்கும், தூசி இவர்கிட்ட இருக்கும்.”

பையன் கையைத் தட்டிவிட்டான். அதிலும் கொஞ்சம் பறந்தது. அதன்பின் யாரும் அவளோடு சகஜமாகப் பேசவில்லை.

கடைசி நிறுத்தம் அரவைக் கூடம். தகரக் கூரை பாதி போய்விட்டது. இயந்திரங்கள் நின்ற இடத்தில் நாலு போல்ட்டுகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் ஆள் உயரம்வரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம். சங்கு கொடுத்த அட்டையை அவள் வாசித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது டன். இரவும் பகலும் மூன்று ஷிஃப்ட்டு. உன்னத உழைப்பின் சாட்சி.

“இவ்வளவு மாவும் எங்க போச்சு?” என்று இரட்டைக் குச்சிக்காரர் கேட்டார்.

“கண்ணாடி செய்யப் போச்சு. பீங்கான் கோப்பைக்கு, பற்பசைக்கெல்லாம் போச்சு.”

“அரைச்சவங்க?”

“வீட்டுக்குப் போனாங்க.”

அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு வருஷமாகக் கடைசி ஆளாக வருகிறார், ஒருமுறைகூட அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சங்கு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். மேஜைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள். கையெழுத்துக்கூடப் போட்டிருந்தார்.

“உக்காரு டிகிரி. கேட்டது கிடைச்சிருச்சு. படி.”

அவள் நின்றுகொண்டே படித்தாள். இன்னார் அவ்வப்போது ஆலையின் வெளிமுற்றத்தில் சுமை இறக்கும் வேலையில் தற்காலிகமாக உதவிவந்தார் என்று சான்றளிக்கப்படுகிறது.

“அரவைக் கூடம்ங்கற வார்த்தையே இல்லையே.”

“முற்றத்துல மட்டும் தூசி இல்லையா என்ன?”

“முற்றத்துல நின்னவங்களுக்கு மாத்திரைதான். கூடத்துல நின்னவங்களுக்குத்தான் மெஷின். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முற்றம்னு போட்டிருக்கீங்க.”

சங்கு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வயசு கூடிவிட்டதுபோல் இருந்தது.

“நான் என்ன எழுதணும்ங்கற? செத்தவனுக்கு ஒன்பது வருஷம் கோடு போட்டேன்னா? அந்த வீட்டுக்கு நானே பொய்த் தாள் குடுத்தேன்னா? இந்த மேஜைய விட்டு மறுநாளே எந்திரிக்கச் சொல்வாங்க. எனக்கும் வீடு இருக்கு. படுத்த படுக்கையா ஒருத்தி இருக்கா. அன்னைக்கு உங்கப்பன் வில்லைய நீட்டினப்ப என்னால திருப்பி அனுப்ப முடியல. அதுக்கு இதுவா பதில்?”

“நல்லதுதான் செஞ்சீங்க. அதுக்கு நன்றி சொல்றேன். அன்னைக்குக் கோடு போட்ட கையாலயே இன்னைக்கு எழுதுங்க.”

“முடியாது.”

“சரி.”

“என்ன சரி? முழுசாக் கேளு.” அவர் குரலைத் தணித்தார். “அடுத்த மாசம் மேல் மலைப் பாதை திறக்கறாங்க. அதுக்குத் தலைமை வழிகாட்டி நீதான். மேல சொல்லிட்டேன். உங்கப்பன டிக்கெட் ஜன்னல்ல உக்கார வெச்சிடறேன். படி கிடையாது, ஏத்தம் கிடையாது. நிழல்ல நாற்காலி. இந்தத் தாளக் கொண்டுபோய் மாத்திரைய வாங்கிக்கோ. அந்த ஒன்பது வருஷத்த மட்டும் விட்டுடு.”

டிக்கெட் ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. வில்லைகளை நீட்டி நீட்டி அதன் மரச்சட்டம் நடுவில் வழுவழுப்பாகக் குழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நூற்று நாலு படி இல்லாத ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“எவ்வளவு நாள் உக்காருவார்?” என்றாள்.

“என்னது?”

“டாக்டர் மெஷின் இருந்தா நாலஞ்சு வருஷம்னார். இல்லேன்னா எவ்வளவுன்னு நான் கேக்கல. நீங்க அந்தக் கூடத்துல நின்ன எல்லாரையும் பாத்தவர். நீங்க சொல்லுங்க. நாற்காலியில எவ்வளவு நாள் உக்காருவார்?”

சங்கு கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“வீட்டுத் தாள்ல உன் பெரியப்பன் பேருதான் இருக்கு” என்றார் கடைசியில். “பதிவேட்டுல வெறும் கோடு. யார் நம்புவா?”

“எக்ஸ்ரேய நம்புவாங்க. இறப்புச் சான்றிதழ நம்புவாங்க. செத்தவர் ஒரு நாள்கூட லீவு போடலன்னு நீங்களே கண்ணாடி போட்டு வெச்சிருக்கீங்க. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தொழிலாளர் அதிகாரி வர்றார். நானே சொல்லிக்கறேன்.”

“உங்கப்பன் ஒத்துக்கிட்டானா?”

“இன்னும் இல்ல.”

“அப்புறம்?”

“பெரியம்மா கட்டிலப் பிரிச்சாச்சு சார். நாளைக்குக் கொண்டுவந்து போட்டுடுவோம்.”

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அவருடைய தாளின்மேல் வைத்தாள். விசில், முதலுதவிப் பை, வழி வரைபடம் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். அவர் “கொஞ்சம் இரு, உன்ன யாரும் போகச் சொல்லல” என்றார். அவள் கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

வெளியே குழாயடியில் கூட்டம். அங்கே புதிதாக, தூசியை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய் ஒன்றும் தூரிகைகளும் வைத்து, ‘தூசியை வாகனத்துக்குள் கொண்டுசெல்லாதீர்கள், உடல்நலத்துக்குக் கேடு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஷூவிலிருந்து வழிந்த தண்ணீர் பாலாகச் சாக்கடைக்கு ஓடியது. அப்பா சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, இரட்டைக் குச்சிக்காரரின் ஊன்றுகுச்சிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“புதன்கிழமை காலையில ஏழு மணி பஸ்” என்றாள் அவள்.

அவர் குச்சிகளைப் பார்த்தபடியே இருந்தார். அவள் நிற்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

குச்சிகளின் சொந்தக்காரர் பையிலிருந்து புது முகக்கவசம் ஒன்றை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, மூக்கின்மேல் நன்றாக அழுத்திவிட்டு, காற்றுக் குழாயைத் திறந்து கால்சட்டையின்மேல் பிடித்தார். வெள்ளையாக ஒரு புகை எழுந்து பெஞ்சை மூடியது. அதற்குள்ளிருந்து ஒருவர் இருமும் சத்தம் அவள் சாலையை அடையும்வரை கேட்டது.